வெளியே இருக்கும் சுவிட்ச்

மூடி விழுந்துவிட்டது. விழுந்தது கேட்டது, உருண்டது கேட்டது, எதிலோ முட்டி வட்டமடித்து அடங்கியதும் கேட்டது, ஆனால் எந்த மூலையில் என்று காது சொல்ல மாட்டேன் என்கிறது. பகலில் இந்தக் குளியலறை ஒரு கட்டில் போடும் அகலம்தான், முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டே கப்பை எடுத்துவிடுவேன். இருட்டில் இதற்குச் சுவரே இல்லை. பரவாயில்லை, பதறாதே எமல்டா, கதவு சாத்தியிருக்கிறது, மூடி எங்கேயும் போய்விடாது, காலால் துழாவினால் அகப்படும். கையால் முடியாது. கையில் ஃபிலிம் இருக்கிறது. அதன் டப்பாவை நெம்பித் திறந்து வெளியே எடுத்தாகிவிட்டது, இனி அது திரும்ப உள்ளே போகாது. ஒரு முனை பிளாஸ்டிக் சக்கரத்தின் பள்ளத்தில் பாதி ஏறி நிற்கிறது, மறுமுனை என் இடது மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு முழங்கையில் உரசுகிறது, விட்டால் சுருண்டு எங்காவது தாவிவிடும். மீதியையும் சக்கரத்தில் ஏற்றி, சக்கரத்தை வெளிச்சம் புகாத சின்னத் தொட்டியில் இறக்கி, அந்த மூடியைத் திருகிவிட்டால் போதும், அப்புறம் சூரியனையே உள்ளே கூட்டி வரலாம். அதுவரை ஒரு மின்மினிகூட ஆகாது. எல்லாம் பார்த்துத்தான் செய்தேன். காற்றுத் துவாரத்தில் கறுப்புத் தாள் ஒட்டினேன், கீசரின் சிவப்புப் புள்ளியை அணைத்தேன், கதவின் அடியில் திணிக்கக் கனமான துண்டை எடுத்து வைத்தேன், கைக்கடிகாரத்தையும் போனையும் வெளியே சாப்பாட்டு மேசையில் வைத்தேன், ஃபிலிம் கழுவும் மருந்துத் தண்ணீர் பாட்டில்களை வாளியில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே நிறுத்தினேன், கம்மோடின் மூடிமேல் தொட்டி, சக்கரம், கத்தரிக்கோல், மூடி என்று வரிசையாக வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு... விளக்கை. கதவுக்கு வெளியே கையை நீட்டி சுவிட்சைத் தட்டி அணைத்தேன், கதவைச் சாத்தித் துண்டைத் திணித்தேன். பல்பு. பல்பைக் கழற்றவில்லை.

எந்த வீட்டிலும் குளியலறைக்கு சுவிட்ச் வெளியேதான், ஈரக்கையோடு தொட்டுவிடக் கூடாதென்று யாரோ என்றைக்கோ யோசித்து வைத்தது. கௌனாஸிலும் அப்படித்தான் இருந்தது. லித்துவேனியாவில் சோவியத் காலத்தில் கட்டிய அடுக்குமாடி வீடு, என் கணவர் ரிமாந்தாஸ் பிறந்து வளர்ந்தது, கல்யாணத்துக்குப் பிறகு நானும் போய் இருந்தது. போன புதிதில் அந்த சுவிட்சைப் பார்த்துவிட்டு, தூத்துக்குடி வீடு மாதிரியே இருக்கிறதே என்று நான் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. அப்பா இரண்டாவது தடவை செத்தது இதனால்தான் என்றார். ரிமாந்தாஸுக்கு அப்போது பன்னிரண்டோ பதின்மூன்றோ வயது. குளியல் தொட்டியின் மேல் பலகையைப் போட்டு அதையே இருட்டறையாக்கிக்கொள்வது அந்தக் காலத்தில் அங்கே ஆம்பிளைப் பிள்ளைகளின் பைத்தியம், மாடிக்கு மாடி ஒருத்தன் குளியலறையை அடைத்துக்கொண்டிருப்பான், வெளியே வீட்டார் வரிசையில் நின்று திட்டுவார்கள். படம் எடுக்க ஒருநாளும் நிற்காத அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நின்று சிரித்திருக்கிறார். அடுத்த வாரம் வேலையிடத்தில் சாரம் சரிந்து போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகு இந்தப் பையன் அந்த ஃபிலிமை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். ரேடியோ தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து உருளைக்கிழங்குப் பையோடு வந்த அம்மா, கை கழுவ வந்தவள், பழக்கத்தில் சுவிட்சைத் தட்டினாள். உடனே அணைத்தும்விட்டாள். கழுவிப் பார்த்தால் ஃபிலிம் முனையிலிருந்து முனைவரை தார் பூசினது மாதிரி கறுப்பு. அன்றிலிருந்து என் மாமியார் ஓனா அந்தக் கதவின் முன் நின்று "காலிமா?" என்று கேட்காமல் கையைத் தூக்கியதில்லை. வரலாமா, என்று அர்த்தம். உள்ளேயிருந்து "தர் நே" என்று பதில் வரும், இன்னும் இல்லை. பிள்ளை வளர்ந்து வேறு இடத்தில் ஸ்டூடியோ வைத்த பிறகும், குளியலறையில் யாருமே இல்லாதபோதும், அந்த அம்மாள் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் விளக்கைப் போடுவார். ரிமாந்தாஸின் சட்டம் வேறு. முதலில் பல்பு. மனிதரை நம்பாதே, அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் கை தன்னால் போகும், முதலில் பல்பு. எத்தனை தடவை சொல்லியிருப்பார், நான் எத்தனை தடவை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

இப்போது எழுந்து கழற்றலாம். பல்பு கதவுக்கு மேலே. எட்டாது, வாளியைக் கவிழ்த்து ஏற வேண்டும், வாளியில் ஐஸ். சரி, ஏறினாலும் இரண்டு கையும் வேண்டும், ஃபிலிமை எங்கே வைப்பது, தரையெல்லாம் ஈரம், ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். பாதி ஏறின சக்கரத்தை அப்படியே தொட்டியில் போட்டு மடியில் வைத்து நைட்டியால் மூடலாம், ஆனால் தொங்குகிற பாதி வெளியேதான் இருக்கும். யோசனை போய்ப் போய் அதே ஆணியில் மாட்டுகிறது. மூடி இருந்தால் பல்பு வேண்டாம், பல்பைக் கழற்றியிருந்தால் மூடியை நிதானமாகத் தேடலாம். முதுகில் வியர்வை ஊர்கிறது. மே மாதத்து மத்தியானம், துவாரமும் அடைத்தாகிவிட்டது, மூச்சு வெளியே போன அதே சூட்டோடு திரும்பி வருகிறது. அப்போது கதவு தட்டப்பட்டது, நான் ஃபிலிமைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். "ஏட்டி எமல்டா. உயிரோட இருக்கியா?" என் அக்கா செலின். நோயில் விழுந்த ரிமாந்தாஸைப் பார்த்துக்கொள்ள எனக்குக் கைத்துணைக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து வீட்டுக்கு அவள்தான் கலெக்டர். "அக்கா, சுவிட்சத் தொட்டுராத! தயவுசெஞ்சு தொட்டுராத!" என்று அலறினேன். "ஏன் இப்பிடிக் கத்துத? நான் என்ன கரண்டுக் கம்பியா பிடிச்சிட்டேன்?" "பல்பக் கழட்ட மறந்துட்டேன்க்கா. ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் எல்லாம் போயிரும்." அக்கா கதவை இன்னொரு தட்டு தட்டினாள். பிறகு, "படிச்ச பிள்ளைக்கி இதுகூடவா ஞாபகம் வராது? அன்னைக்கே சொன்னேன், கொரியர்ல போட்டு வெளியூர் லேபுக்கு அனுப்புன்னு. கேக்கமாட்ட. வேகாத வெயில்ல கக்கூஸுக்குள்ள போயி உக்காந்துகிட்டு." "அக்கா, அந்த சுவிட்சு மேல எதையாச்சும் ஒட்டு. மேசையில டேப்பு இருக்கு." "எந்த மேசை?" "சாப்பாட்டு மேசை." "இங்க உன் மாப்பிள்ளையோட மாத்திரைகதான் கெடக்கு." தேடும் சத்தம், டிராயர் இழுபடும் சத்தம், அப்போது பார்த்தா தெருவில் மீன்காரரின் மொபெட் ஹாரன் அடிக்க வேண்டும். "ஏ, ஊளி வந்துருக்கும்டி, ரெண்டு நாளா சொல்லி வச்சது, இந்தா வந்துட்டேன், மாப்பிள்ள நல்லா ஒறங்குதாவ, நீ பயப்படாத." "அக்கா, ஒட்டிட்டுப் போக்கா!" செருப்பு மாடிப்படி இறங்கிவிட்டது.

வீட்டில் இனி நானும் அவரும். அவர் உறங்குகிறார். உறங்கட்டும், பனிமய மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம். இந்த ஊருக்கு முதல் தடவை விடுமுறைக்கு வந்தபோது எங்கள் கோயில் மாதாவின் பெயரை நான் சொல்ல, அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பனி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் பனியின் மாதாவா, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், நாங்கள் அங்கே குளிர்காலம் முழுக்க மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுகிறோமே, எங்களுக்கு ஏன் அவளைத் தரவில்லை. மறுநாள் உப்பளத்துக்குக் கூட்டிப் போனேன். வெள்ளை வெள்ளையாகக் குவியல், கண் கூசும் வெளிச்சம், கறுத்த கால்கள். அவர் காமிராவை எடுக்கவேயில்லை. திரும்பி வரும்போது, பனிக்கு நிழல் நீலமாக இருக்கும், உப்புக்கு என்ன நிறம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இங்கே குடிவந்தார் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்காகத்தான் வந்தார் என்று அக்கா சொல்கிறாள். நான்தான் இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் குளிரில் இருந்துவிட்டு, இனி முடியாது, எனக்கு என் ஊர்க் காற்று வேண்டும் என்று அழுதேன். அவர் அழவில்லை, அச்சு இயந்திரத்தை விற்றார், செதுக்கு உளிகளை ஒரு துணியில் சுருட்டினார், அவ்வளவுதான். இங்கே வந்த பிறகு ஒருநாள், இந்த ஊரில் நடுப்பகலுக்கு நிழலே இல்லையே என்றார். குறையாகச் சொன்னாரா, கண்டதைச் சொன்னாரா. கேட்டிருக்கலாம். ஏதோ அடுப்பில் இருந்தது, கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் விடியக்காலையில் தனியாக உப்பளத்துக்குப் போக ஆரம்பித்தார். ஒரு காலை போனவரை வரப்பில் விழுந்து கிடந்தார் என்று உப்பு வாரும் பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. காமிரா கழுத்திலேயே இருந்தது, அதன் மேலெல்லாம் உப்புச் சேறு, உள்ளே முழுக்க எடுத்து முடித்த ஃபிலிம். இந்த ஃபிலிம். வலது கை போனது, பேச்சு போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்தது, நடை வந்தது. பேச்சு வரவில்லை. இங்கே கற்ற தமிழும் பள்ளியில் கற்ற ரஷ்யனும் என்னோடு பேசின ஆங்கிலமும் போகட்டும், அம்மா மொழியும் வரவில்லை. நான் கௌனாஸ் மொழியில் பேசிப் பார்த்தேன், பாட்டுப் போட்டுப் பார்த்தேன், அவருடைய படங்களையே கொண்டுவந்து கட்டிலில் பரப்பினேன். சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என்னையும். அந்தக் காலையில் அவர் கண் கடைசியாக எதைப் பார்த்ததோ அது இங்கே என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைக் காட்டினால் எங்கே விட்டாரோ அந்த இடத்திலிருந்து திரும்ப வருவார் என்று எனக்கு ஒரு பைத்தியம். இன்னொன்றும் உண்டு, அதை அக்காவிடம் சொல்லவில்லை. இந்த ஊர் அவருக்கு என்னவாக இருந்தது என்று இதில் இருக்கும். அடைபட்டுக் கிடந்தாரா, இல்லை, நிழலைக் கண்டுபிடித்துவிட்டாரா.

சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. வலதைத் திருப்பு, இடதைத் திருப்பு, வலதைத் திருப்பு, கௌனாஸில் இது தானாக ஓடும், ஜெபமாலை உருட்டுவது மாதிரி. இங்கே கடல் காற்று. நான் காலையில் சக்கரத்தைக் கழுவித் துடைத்துத்தான் வைத்தேன், ஆனால் துடைத்த துணியே இந்த ஊரில் ஈரம், பள்ளத்துக்குள் எங்கேயோ ஒரு சொட்டு இருக்கிறது, ஃபிலிம் அங்கே வந்து பிடித்துக்கொள்கிறது. தள்ளினால் மடங்கும். மடங்கின இடத்தில் நிலாப்பிறை மாதிரி ஒரு கறை விழும், ஒரு படம் போகும். இழு, வெளியே எடு, மெதுவாக, ஓரத்தை மட்டும் பிடி. எடுத்துவிட்டேன். இப்போது முழு நீளமும் வெளியே. சக்கரத்தைத் தொடைமேல் தட்டுகிறேன், வாயால் ஊத முடியாது, மூச்சும் ஈரம். நைட்டியின் உள்பக்கம் ஒரு காய்ந்த இடம் தேடிப் பள்ளம் பள்ளமாகத் துடைக்கிறேன். நிதானம். அவர் கை எப்படி இருக்கும். அகலமான கை, நகத்தோரம் எப்போதும் மசி. நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் இழைகளைப் பற்றிப் படிக்க கௌனாஸ் போனேன், எங்கள் துறையின் கண்காட்சிக்குச் சுவரொட்டி வரைய ஒருத்தர் வந்தார், துணியைப் படமெடுக்க வந்தவரும் அவரேதான், அழைப்பிதழில் மரச்செதுக்கு மாதிரி ஒரு தறி இருந்தது, அதுவும் அவர்தான். நீங்கள் சரியாக என்ன வேலை செய்பவர் என்று கேட்டேன். புத்தக அட்டை, தபால்தலை, நாடகச் சுவரொட்டி, செப்புத் தகட்டில் அமிலம் வைத்து அரிப்பது, லினோலியத்தில் செதுக்குவது, புகைப்படம், எதைக் கேட்டாலும் ஆமாம் என்றார். பிறகு, எல்லாம் ஒரே வேலைதான், வெள்ளையை எங்கே விடுவது என்று தெரிய வேண்டும், கறுப்பை யார் வேண்டுமானாலும் பூசலாம் என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். விழுந்த கதையைச் சொன்னதற்கு என் வீட்டில் ஒரு வருஷம் யாரும் பேசவில்லை, பிறகு அவர் வேதக்காரர்தான், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்தான் என்று தெரிந்து மெல்ல இறங்கி வந்தார்கள். பெயர்தான் யார் வாயிலும் நுழையவில்லை. அக்காதான் தீர்த்து வைத்தாள். ரிமாண்டு. ரிமாண்டு மாப்பிள்ள வந்துருக்காவ, ரிமாண்டு மாப்பிள்ளைக்கு மீன் வைங்க. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்க, போலீஸ் பிடித்து உள்ளே வைப்பது என்று நான் சொல்ல, எவ்வளவு நாளைக்கு என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. ஏறுகிறது. முனை பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. வலது, இடது. போகிறது. போகிறது. போய்க்கொண்டே இரு.

டக். என்ன அது. டக். இல்லை, இது வாளியில் ஐஸ் இடம் மாறுகிற சத்தம். டக். இல்லை. படுக்கையறை சுவிட்ச். எழுந்துவிட்டார். ஊன்றுகோல், பிறகு நல்ல கால், பிறகு இழுபடும் கால். பிசியோதெரபிக்கு வருகிற தம்பி விரலுக்குப் பயிற்சி என்று சொல்லிக்கொடுத்தது, சார், வீட்ல இருக்கிற எல்லா சுவிட்சையும் போட்டுப் போட்டு அணைங்க, அதுதான் நல்ல எக்சர்சைஸ். அன்றிலிருந்து இவர் கண் விழித்தால் முதல் வேலை அதுதான், அறை அறையாகப் போய் ஒன்றுவிடாமல் போடுவார், அணைப்பார், சில நாள் அணைக்க மாட்டார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா, எங்க மாப்பிள்ள ஈபி வேலையில சேந்துட்டாவ என்று சொல்லிச் சிரிக்கிறாள். டக். ஹால் விளக்கு. டக், ஹால் ஃபேன், அது சுற்ற ஆரம்பிக்கும் முனகல். கரண்டு போகக் கூடாதா. இந்த ஊரே கரண்டு போனால் சபிக்கும், இந்த ஒரு மத்தியானம் நான் ஒருத்தி கும்பிட்டுக் கேட்கிறேன், போகேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வலது, இடது, வலது. இன்னும் எவ்வளவு மீதி, முழங்கைக்கு வந்துவிட்டதா, இல்லை, இன்னும் தோளில் உரசுகிறது. ஹாலில் இருந்து பால்கனி. டக். பால்கனிக்குப் பிறகு சாமி படத்து விளக்கு, அதற்குப் பிறகு அடுப்படி, அடுப்படிக்கு அடுத்தது இந்தக் கதவு. கத்தலாமா. எந்த மொழியில் கத்துவது. போடாதீங்க என்றால் அவருக்கு அது வெறும் சத்தம். அவர் மொழியில் "நே" என்று கத்தலாம், வேண்டாம் என்று, ஆனால் போன வாரம் அடுப்புப் பக்கம் கை கொண்டுபோனபோது அப்படிக் கத்தினேன், திடுக்கிட்டு இன்னும் முன்னால் சாய்ந்துவிட்டார். பயந்தால் அந்தக் கை பிடித்ததை அழுத்தும். டக். அடுப்படி. அடுப்படி விளக்கு எரிகிறது, கதவின் அடியில் துண்டு ஒழுங்காக இருக்கிறதா, ஒரு கோடு வெளிச்சம்கூட இல்லை, நல்லது, நல்லது. வலது, இடது. விரல் நுனியில் வியர்வை. தோளுக்குக் கீழே வந்துவிட்டது. அக்கா, எங்கே போய்த் தொலைந்தாய், ஒரு ஊளி மீனுக்குப் பேரம் பேச இவ்வளவு நேரமா.

கதவுக்கு வெளியே வந்து நின்றார். மூச்சு கேட்கிறது, வாயால் விடும் மூச்சு. சுவரில் கை உரசுகிறது, சுண்ணாம்பு உதிரும் சத்தம்கூடக் கேட்கிறது எனக்கு. சுவிட்ச் பலகையில் நகம் பட்டது. நான் சக்கரத்தைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக் குனிந்து, தலைமுடியை முன்னால் போட்டு, மொத்த உடம்பாலும் மூடப் பார்க்கிறேன். அறையில் விளக்கு எரிந்தால் ஒரு நைட்டியும் ஒரு பெண்ணின் முடியும் என்ன தடுத்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் பேசின இரண்டு மூன்று மொழியும் தொண்டையில் ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு நிற்கின்றன. ஓனா உருளைக்கிழங்குப் பையோடு நிற்கிறார். உள்ளே அந்தப் பையன் கையில் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார். அவனும் இப்படித்தான் மூச்சைப் பிடித்திருப்பானா, இல்லை, அவனுக்கு வருவது தெரிந்தேயிருக்காது, அது மேல். ஊன்றுகோலின் ரப்பர் முனை கீழே எதிலோ அமுங்கியது. துண்டு. கதவின் அடியில் நான் திணித்து வெளியே பிதுங்கிய துண்டு. அமுங்கி, எடுத்து, மறுபடி அமுங்கியது, கண் தெரியாதவர் குச்சியால் கேட்பதுபோல. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். மருந்துத் தண்ணீரின் புளித்த வாடை துண்டையும் மீறிக் கதவிடுக்கு வழியாகப் போயிருக்கும், எனக்கு உறைக்கவில்லை, இவ்வளவு நேரமும் நான் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். நகம் பலகையை விட்டு விலகியது. அப்புறம் அந்தக் குரல், துருப்பிடித்து, பாதி காற்றாக, ஆனால் கடைசி எழுத்து மேலே ஏறி நிற்கிற கேள்வியாக: "காலிமா?"

எனக்கு அழுகை வரவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து இன்றுவரை நான் எந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேனோ அது கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, நான் வலது, இடது, வலது என்று சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். "தர் நே," என்றேன், என் குரல் ஓனாவின் மகன் குரல் மாதிரி, கொஞ்சம் சிடுசிடுப்பாகவே வந்தது. வெளியே நாற்காலி இழுபட்டது. கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார், மரம் லேசாக முனகிற்று. சுருளின் கடைசி முனை பள்ளத்துக்குள் நழுவிப் போனது. சக்கரத்தைத் தொட்டியில் இறக்கி இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்திக்கொண்டு இப்போது காலால் துழாவினேன், வாளிக்கும் கம்மோடுக்கும் நடுவில் பெருவிரலில் தட்டுப்பட்டது மூடி, இவ்வளவு பக்கத்தில், எட்டி உதைத்திருக்கலாம் போல. அப்போது மாடிப்படியில் அக்காவின் செருப்பு. "என்ன மாப்பிள்ள, கக்கூஸ் வாசல்ல காவலா? நல்ல எடம் பாத்தீயளே. தள்ளுங்க, சுவிட்சுல டேப்பு ஒட்டணும், அவள என்னன்னு பாக்கட்டும்." ஏதோ தள்ளுமுள்ளு, பாலித்தீன் பை தரையில் விழுந்த சத்தம். "ஏட்டி! இங்க வந்து பாருட்டி, சுவிட்சு கிட்ட போகவுடமாட்டேங்காவ! கையப் பிடிச்சிக்கிட்டாவ! அந்தக் கையி, வெளங்காத கையி, அதாலட்டி பிடிச்சிருக்காவ, வலிக்கி! மாப்பிள்ள, வுடுங்க, மீனு கீழ கெடக்கு, பூன வந்துரும்!" அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு கதவில் வாயை வைத்து, மெதுவாக, "எமல்டா, பேசுனாவளா? நான் படியில வரும்போது ஒரு சத்தம் கேட்டுச்சே. மாப்பிள்ளதானா அது?"

மூடியைத் துடைத்தேன், வைத்தேன், திருகினேன். கடைசித் திருகில் அது பொருந்துகிற அந்தச் சின்ன சத்தம். முடிந்தது. இனி அக்கா எந்த சுவிட்சை வேண்டுமானாலும் தட்டலாம். நான் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய் அவர் முகத்தைப் பார்க்கலாம். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அங்கேயே நின்றது கை. திறந்தால் மத்தியான வெயில், ஹாலில் எரிகிற விளக்குகள், தரையில் மீன், அக்காவின் கூச்சல், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நாற்காலியிலிருந்து திரும்புகிற முகம். அது என்னைப் பார்க்குமா, சுவரைப் பார்க்குமா. இந்தக் கதவு சாத்தியிருக்கிறவரை அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ரிமாந்தாஸ். என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்தவர், எதற்குக் காவல் இருக்கிறோம் என்று தெரிந்தவர், உள்ளே இருப்பது யார் என்பதுகூடத் தெரிந்திருக்கலாம். தொட்டிக்குள் அவருடைய கடைசிக் காலை இருக்கிறது, அதில் நிழல் இருக்கிறதோ, வெறும் உப்புத்தானோ, விழும்போது அழுத்திய அவருடைய செருப்பின் படமேதானோ. மருந்து ஊற்ற வேண்டும். ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் சூடேறினால் இவ்வளவும் பாழ், அது எனக்குத் தெரியும். நான் துண்டின்மேல் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்தேன். ஒரு விரற்கடை மரம், அதற்கு அந்தப் பக்கம் அவர் முதுகின் சூடு, நிஜமா, வெயில் காலத்துக் கதவே அப்படித்தான் இருக்குமா. "எமல்டா, முடிஞ்சிதா? வெளக்கப் போடச் சொல்லுட்டி இவரு கிட்ட," என்றாள் அக்கா. நாற்காலி அசைந்தது. தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம், பழைய சத்தம், ஸ்டூடியோவில் அச்சுத் தாளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் செருமுவாரே, அது. "காலிமா?" இந்தத் தடவை இன்னும் தெளிவாக. வாளிக்குள் ஒரு ஐஸ்கட்டி பாட்டிலில் மோதிற்று.

"தர் நே," என்றேன்.